நூறாண்டு மரம், ஓராண்டு ஒப்பந்தம்

புது தில்லியின் பசுமையைக் கண்டு வியக்காத வெளியூர்க்காரர் இல்லை. அந்தப் பசுமைக்குத் தண்ணீர் விடுபவர் அடுத்த ஆண்டு அங்கே இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது.

புது தில்லியில் மரத்தை வைத்தே தெருவுக்கு அடையாளம் சொல்லலாம். ஜன்பத் என்றால் மருதம். அசோகா சாலை என்றால் நாவல். அக்பர் சாலை என்றால் புளி. மே மாதக் கடைசியில் லோதி தோட்டத்தை ஒட்டிய அம்ரிதா ஷெர்கில் மார்க் பக்கம் போனால், இரண்டு ஓரத்திலும் சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். மருதத்தையும் கொன்றையையும் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்ட தமிழ் மாணவர்கள் நிறையப் பேர். அந்த மரங்களை இப்படி வரிசை கட்டி நிற்கக் காண்பது, வேலை தேடி வடக்கே வந்த பிறகுதான்.

இந்த வரிசைகள் தாமாக முளைத்தவை அல்ல. கல்கத்தாவிலிருந்து தலைநகர் மாறும் என்று 1911ல் அறிவித்தார்கள். புதிய நகரம் 1931ல் திறப்பு விழா கண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் லட்யன்ஸ் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டார் என்றால், கியூ தோட்டத்தில் பயின்ற மஸ்டோ என்ற தோட்டக்கலை நிபுணர் மரங்களைப் பார்த்துக்கொண்டார். தில்லி வெயிலைத் தாங்கக்கூடிய, ஆண்டின் பெரும்பகுதி நிழல் தரக்கூடிய சில வகைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, சாலைக்கு ஒரு வகை என்று நட்டார்கள். அப்போது வைத்த கன்றுகளில் உயிரோடு இருப்பவற்றுக்கு இன்று வயது ஏறக்குறைய நூறு.

நட்டவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பார்த்துக்கொள்பவர்கள் யார்?

இதற்கு ஒரே பதில் தில்லியில் கிடைக்காது. புது தில்லி நகராட்சி மன்றம், மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி வளர்ச்சி ஆணையம், தில்லி மாநகராட்சி என்று பசுமை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. மாநகராட்சியிடம் மட்டும் சுமார் 15,000 பூங்காக்கள். லோதி தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 90 ஏக்கர். முன்பு இங்கே ஒரு கிராமம் இருந்தது. அதைக் காலி செய்துவிட்டு 1936ல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பெயர் மாறியது. 1968ல் ஜோசப் ஸ்டைனும் காரெட் எக்போவும் இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் சையது, லோதி சுல்தான்களின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பொறுப்பு. அவற்றைச் சுற்றியுள்ள புல் நகராட்சி மன்றத்தின் பொறுப்பு. காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற செயலாளர்களுக்கும் தூதரக ஆட்களுக்கும் இந்த எல்லைக்கோடு தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இங்குள்ள மரங்கள் பலவற்றில் ஒரு சிறு பலகை உண்டு. அதிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் மரத்தின் பெயர், குணம் எல்லாம் வந்துவிடும். மரத்துக்கு அடையாள அட்டை கொடுத்துவிட்டோம். அதன் அடியில் குந்தி உட்கார்ந்து குர்பியால் களை கொத்துபவரைப் பற்றிச் சொல்ல எந்தப் பலகையும் இல்லை.

தில்லியில் அவருக்கு மாலி என்று பெயர். மாலை என்ற சொல்லின் உறவு. மாலை தொடுப்பவர் என்று பொருள்படும் பழைய பெயர். அரசு மாலி என்றால் ஒரு காலத்தில் நிரந்தர வேலை, குடியிருப்பு, ஓய்வூதியம். இன்று அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே வருகிறார்கள். காலியாகும் இடத்துக்கு நாடு முழுவதும் நகராட்சிகள் கண்டிருக்கும் வழி ஒன்றுதான்: டெண்டர்.

ஒரு பூங்கா டெண்டரில் என்ன இருக்கும்? இத்தனை சதுர மீட்டர் புல்தரை, இத்தனை மீட்டர் வேலிச் செடி, இத்தனை பாத்திகள். புல்லை இத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். இத்தனை ஆட்கள் தினமும் வர வேண்டும். உரம், எந்திரம், பைப் யாருடையது என்ற பட்டியல். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. இன்னொரு வகையும் உண்டு. அதில் தோட்டத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் கேட்பார்கள். இத்தனை தோட்டக் கூலிகள் தேவை, சம்பளம் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, அதற்கு மேல் ஒப்பந்தக்காரரின் கமிஷன் எவ்வளவு என்று கேட்பார்கள். இந்தப் போட்டியில் கமிஷன் ஏறக்குறைய பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்து வேலையைப் பிடித்தவர்கள் உண்டு. லாபமே இல்லாமல் ஒருவர் ஏன் நூறு பேரை வைத்து வேலை வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் பல காலமாகச் சொல்லும் பதில் இது: வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் விழும், பிறகு ஒரு பகுதி ரொக்கமாகத் திரும்பி வாங்கப்படும், வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும், கணக்கில் ஏறாது, பத்துப் பேர் கையெழுத்து இருக்கும், ஏழு பேர்தான் தோட்டத்தில் இருப்பார்கள். எல்லா ஒப்பந்தக்காரரும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆனால் நேர்மையாகக் கணக்குப் போடுபவர் டெண்டரில் தோற்றுப் போவதற்கான ஏற்பாடு இது.

தில்லி அரசு 2025 ஏப்ரலில் அறிவித்த கணக்குப்படி, தேர்ச்சியற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி மாதம் ரூ.18,456. தண்ணீர் விடுபவரும் களை எடுப்பவரும் வழக்கமாக இந்தப் படியில்தான் வருவார்கள். தேர்ச்சியற்ற என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அருகம்புல்லுக்குள் ஒளிந்திருக்கும் கோரையைக் கிழங்கோடு எடுக்கத் தெரிந்தவர் இவர். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும், எந்த மூலையில் கறையான் ஏறும், எந்த மரத்தின் எந்தக் கிளை போன மழையில் விரிசல் விட்டது என்று அறிந்தவர். இதற்குச் சான்றிதழ் கிடையாது. ஓர் இடத்தில் நாலைந்து ஆண்டு இருந்தால்தான் இது வரும்.

தெற்கு தில்லிப் பூங்கா ஒன்றில் அப்படி ஒருவரோடு பேச முடிந்தது. புந்தேல்கண்ட் பக்கத்துக்காரர். பன்னிரண்டு ஆண்டாக அதே பூங்கா. அதற்குள் ஐந்து கம்பெனிகள் மாறிவிட்டன என்றார். ஒவ்வொரு கம்பெனியும் முதுகில் தன் பெயர் போட்ட சட்டை தரும். பழைய கம்பெனியின் சட்டைகளைக் கிழித்துத் தண்ணீர் பைப்பின் ஓட்டைகளில் சுற்றி வைத்திருந்தார். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் அவர் புது ஆள். புதிய வருகைப் பதிவு, புதிய வைப்பு நிதிக் கணக்கு, ஆண்டுக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. தோட்டத்துக்கு மட்டும் அவர் பழைய ஆள். புது மேற்பார்வையாளர் வந்தால், வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பது இவர்தான்.

நமது பூங்காக்கள் ஒப்பந்த முறையிலும் தப்பிப் பிழைப்பது இந்த ரகசியத்தால்தான். காகிதத்தில் ஆண்டுதோறும் நிர்வாகம் மாறுகிறது. தரையில் அதே கைகள் தொடர்கின்றன. தொடர வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தாவிட்டாலும், வேறு போக்கிடம் இல்லாததால் தொடர்கிறார்கள். என்றைக்காவது ஒரு புதிய கம்பெனி தன் சொந்த ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால், பன்னிரண்டு ஆண்டு அறிவு ஒரே காலையில் வாசலுக்கு வெளியே போய்விடும். அதை நஷ்டம் என்று எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை.

அரசாங்கத்தின் ஆண்டும் செடியின் ஆண்டும் ஒத்துப் போவதில்லை என்பது இன்னொரு சிக்கல். தில்லியில் தோட்டக்காரரின் ஆண்டு இப்படி ஓடும்: ஜூலையில் மழை, மரக்கன்று நடும் காலம். செப்டம்பர், அக்டோபரில் குளிர்காலப் பூக்களுக்கு விதை. டிசம்பரில் செவ்வந்தி. பிப்ரவரியில் ஊரே பூ. ஏப்ரல் பிறந்ததும் வெயில் ஏறும். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும். லூ என்னும் அனல்காற்று இலையைச் சுருட்டிவிடும். போன ஜூலையில் நட்ட கன்று பிழைக்குமா சாகுமா என்று முடிவாவது இந்த மூன்று மாதத்தில்தான். அரசாங்கத்தின் ஆண்டோ மார்ச் 31ல் முடிகிறது. நிதியாண்டை ஒட்டிப் போட்ட ஒப்பந்தம் அன்று காலாவதி. புது டெண்டர் திறக்கத் தாமதமானால், பழையவருக்கு நீட்டிப்பு வரத் தாமதமானால், பைப்பைப் பிடிக்க ஆள் இல்லாத வாரங்கள் சரியாகச் செடிக்கு உயிர்ப் போராட்டம் நடக்கும் வாரங்களாக அமைந்துவிடுகின்றன. ஜூலையில் மறுபடி நடலாம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். அதே குழியில் எத்தனையாவது கன்று என்று யாரும் கேட்பதில்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாந்தி பத்துக்குப் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். நெதர்லாந்திலிருந்து வரவழைத்த துலிப் கிழங்குகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். அண்மை ஆண்டுகளில் நகராட்சி மன்றம் ஒரு குளிர்காலத்தில் லட்சத்துக்கும் மேல் நட்டிருக்கிறது. மக்கள் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அழகின் ஆயுள் சில வாரம். தில்லி வெயிலில் கிழங்கு அடுத்த ஆண்டுக்குத் தாங்காது. அதைக் காப்பாற்ற இமாசலப் பிரதேசம் பாலம்பூரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியை நாடியிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்காக நகரமெங்கும் பூந்தொட்டிகள் வந்து இறங்கியதையும் பார்த்தோம். விருந்தாளிக்காக வாங்கும் பூவுக்குப் பணம் ஒதுக்குவது எளிது. விருந்தாளி போன பிறகு ஊற்றும் தண்ணீருக்கு ஒதுக்குவதுதான் கடினம்.

பழைய மரங்களின் கதியைப் பார்த்தால் இது புரியும். 2022 மே 30 மாலை அடித்த சூறைக்காற்றில் புது தில்லியில் ஏராளமான பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. காற்று மட்டும் காரணம் அல்ல. நடைபாதை போடும் ஒப்பந்தக்காரர் அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். கேபிள் புதைக்கும் ஒப்பந்தக்காரர் வழியில் வந்த வேரை வெட்டிவிட்டுப் போவார். கிளை கழிக்கும் ஒப்பந்தக்காரர் ஒரு பக்கமே வெட்டி மரத்தின் எடையைச் சாய்த்துவிட்டுப் போவார். ஒவ்வொருவரும் தன் வேலையை முடித்தார். மரம் யாருடைய வேலையும் அல்ல. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே தில்லிக்கு உத்தரவிட்டது. உடைத்து எடுத்த இடங்களும் உண்டு, மறுபடி பூசிய இடங்களும் உண்டு. நோயுற்ற மரத்துக்கு மருந்தடிக்க நகராட்சி மன்றம் ஆம்புலன்ஸ் வண்டியே வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் நோய் வந்ததை முதலில் பார்த்துச் சொல்ல அந்த மரத்தைத் தினமும் பார்க்கிற ஒருவர் வேண்டும்.

ஒப்பந்தம் என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். அதே சாலைகளில் ஜூன், ஜூலையில் வேறொரு ஒப்பந்தம் நடக்கிறது. நாவல் மரங்களின் பழத்தைப் பறிக்கும் உரிமையை நகராட்சி மன்றம் ஏலத்துக்கு விடுகிறது. இங்கே பணம் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். உத்தரப் பிரதேசத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து நடைபாதையிலேயே தங்குகிறார்கள். ஒருவர் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார். கீழே நாலு பேர் போர்வையை விரித்துப் பிடிப்பார்கள். சுட்ட பழமா சுடாத பழமா என்று ஔவையைக் கேட்ட கதை தெரிந்த நமக்குச் சிரிப்பு வரும். மண்ணில் விழுந்து சுடாமல் இருக்கத்தான் இந்தப் போர்வை. இந்தக் குடும்பங்களில் சில ஆண்டுதோறும் வருபவை. பறிக்கும் உரிமை ஒரு பருவத்துக்குத்தான். ஆனால் கிளை முறிந்தால் தமக்குத்தான் நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆதாயம் மரத்தின் நலத்தோடு கட்டப்பட்டிருந்தால் ஒப்பந்தமும் நன்றாக வேலை செய்யும்.

இதற்குப் பெரிய உதாரணம், ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள சுந்தர் நர்சரி. புது தில்லிச் சாலைகளுக்கு வேண்டிய கன்றுகளை ஒரு காலத்தில் வளர்த்துப் பார்த்த இடம் இது. பிறகு புதர் மண்டிப் போனது. 2007ல் மத்தியப் பொதுப்பணித் துறையும் தொல்லியல் துறையும் மாநகராட்சியும் ஆகா கான் அறக்கட்டளையோடு உடன்பாடு செய்துகொண்டன. சுமார் 90 ஏக்கரைச் சீரமைத்து 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். 300க்கும் மேற்பட்ட மர வகைகள் இங்கே உள்ளன. தோட்டத்தை வடிவமைத்த முகம்மது ஷாஹீர், திறப்பைப் பார்க்காமலே 2015ல் காலமானார். இங்கும் அரசு நேரடியாக நடத்தவில்லை, வெளியாரிடம்தான் ஒப்படைத்தது. நுழைவுக் கட்டணமும் உண்டு, அது எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியும் உண்டு. ஆனால் கையெழுத்துக்கும் திறப்புக்கும் நடுவே பதினோரு ஆண்டு பொறுமை இருந்தது. 2022 செப்டம்பரில் திறந்த கர்த்தவ்ய பாதையின் டெண்டரிலும், சீரமைப்பவரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். மரத்துக்கு ஐந்தாண்டு குழந்தைப் பருவம்தான். என்றாலும் ஓராண்டைவிடத் தேவலாம்.

இந்தப் பொறுமையெல்லாம் வெளிநாட்டுத் தலைவர்கள் நடக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. யமுனையைத் தாண்டி ஏதாவது ஒரு குடியிருப்புப் பூங்காவுக்கு வாருங்கள். சிமெண்ட் நடைபாதை, துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவிகள், தண்ணீர் வராத நீரூற்று, வாசலில் பூட்டு. இவை எல்லாம் யாரோ ஒருவர் டெண்டர் எடுத்து முடித்துப் பணம் வாங்கிய வேலைகள். ஒரு முறை கட்டி முடிப்பதற்குக் காசு உண்டு. தினமும் வந்து கவனிப்பதற்குத்தான் இல்லை. சில இடங்களில் குடியிருப்போர் சங்கம் பூங்காவைத் தத்தெடுத்து, தானே ஒரு மாலியை வைத்துக்கொள்கிறது. அங்கெல்லாம் புல் பச்சையாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு சந்தா தர முடிந்த காலனிக்குத்தான் இது சாத்தியம். நிழல் அதிகம் தேவைப்படும் நெரிசலான பேட்டைக்கு அந்த வசதி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது, அது ஆண்டு முழுவதும் நடக்கும் நிரந்தர வேலையா என்று பார்க்கச் சொன்னது. புல் ஞாயிற்றுக்கிழமையும் வளர்கிறது. அதைவிட நிரந்தர வேலை எது? ஆனால் தடை வந்தாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரப் பணியாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001ல் கூறிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதியதில் அந்த எண்ணிக்கை 50. நிறுவனத்தின் முதன்மை வேலைக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்பது புதிய விதி. எவையெல்லாம் முதன்மை வேலை ஆகாது என்ற பட்டியலில் தோட்ட வேலையும் புல்தரைப் பராமரிப்பும் பெயர் சொல்லி இடம் பெற்றுள்ளன. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைதான் முக்கியம். சிமெண்ட் ஆலையின் முன்னால் உள்ள புல்தரை ஆலையின் முதன்மை வேலை அல்ல, ஒப்புக்கொள்ளலாம். நகராட்சியின் தோட்டக்கலைத் துறைக்குத் தோட்டம் முதன்மை வேலை இல்லையென்றால், வேறு எது முதன்மை வேலை? நிறுவனம் என்பது நகராட்சி முழுவதுமா, அதன் தோட்டத் துறை மட்டுமா? இதற்குக் கிடைக்கும் பதிலில், நாடு முழுவதும் பூங்காக்களில் குனிந்து வேலை செய்யும் பல்லாயிரம் பேரின் நாளை இருக்கிறது.

பதில் வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. ஒப்பந்த ஆண்டை ஏப்ரலில் தொடங்காமல் மழைக்காலத்தில் தொடங்கலாம். காலத்தை ஓராண்டிலிருந்து குறைந்தது மூன்று கோடைக்கு நீட்டலாம். நட்ட கன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் கன்றுக்கு மட்டும் கொடுக்கலாம். கம்பெனி மாறினாலும் பழைய மாலிகளையே, பழைய பணி ஆண்டுகளோடு ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். பூங்கா வாசலில், திறந்து வைத்த அமைச்சரின் பெயருக்குக் கீழே, ஒப்பந்தக்காரர் யார், தொகை எவ்வளவு, எத்தனை மாலிகள், அவர்கள் சம்பளம் என்ன என்று எழுதி வைக்கலாம். காலை நடைக்கு வருபவர்களுக்கு எண்ணத் தெரியும்.

அசோகா சாலையின் நாவல் வரிசையில் கிழம் விழுந்த மரத்தின் இடத்தில் புதுக் கன்று வைத்தால், அது தானாக வேர் பிடித்து நிற்க மூன்று கோடையாவது யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல நிழலுக்குப் பல பத்தாண்டு ஆகும். இப்போதைய முறைப்படி அந்த மூன்று கோடைக்குள் கன்றுக்கு மூன்று முதலாளிகள் வந்து போவார்கள். ஊற்றும் கை ஒன்றாக இருந்தால் போதும், கன்று பிழைத்துவிடும்.